வில்ஃபின் சுண்ணாம்பு மேடு

ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பால்காரர் புட்டிகளை வாசலில் வைத்துவிட்டுப் போன வேளையில், மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. வில்ஃப் ப்ராக்னெல் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம்தான் காரணம். அவருடைய மனைவி ஏவிஸ் நன்றி சொல்லிவிட்டு, வழக்கம்போல் இரண்டு பேருக்குத் தேநீர் போட்டார். இரண்டு கோப்பையையும் அவரே குடித்தார்.

வில்ஃப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் டை கட்டுவதை விடவில்லை. டை கட்டிக்கொண்டுதான் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் தென்பக்க மேட்டில் குப்புறப் படுத்துக் கிடப்பார். ஒருமுறை பாதிரியாரின் மனைவி பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். வில்ஃப் எழுந்து, முழங்காலில் ஒட்டிய வெள்ளைச் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே, "இருக்கேம்மா. புதைக்கிறதுக்கு என்ன அவசரம்?" என்றாராம்.

அந்த மேட்டில் ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி குடியிருந்தது. பேர்தான் நீலம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஆண் பூச்சியின் கரிநிறச் சிறகில் நீலப் பொடியை லேசாக ஊதிவிட்டதுபோல் இருக்கும். பெண்ணுக்கு அதுவும் கிடையாது, வெறும் பழுப்பு. சிறகை மூடிவிட்டால் வெள்ளிச் சாம்பலில் கரும்புள்ளிகள் மட்டும் தெரியும்.

"இதுல நீலம் எங்க இருக்கு, வில்ஃப்? உன் பழைய டிரைவர் கோட்டுல இதைவிட நீலம் ஜாஸ்தி" என்று ஏவிஸ் கேட்டதுண்டு.

"வெயில்ல வச்சுப் பாரு. அப்பவும் தெரியலன்னா கண்ணாடிய மாத்து."

அது முட்டையிட ஒரே ஒரு செடிதான் வேண்டும். மஞ்சள் பூக்கொத்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு வைத்த செடி. அவர்கள் ஊரான ஆஷ்கூமில் அதற்கு ஆட்டுக்குட்டி விரல் என்று பெயர். அடர்ந்த புல்லில் அது முளைக்காது. அதனால் வில்ஃப் அக்டோபர்தோறும் மண்வெட்டியுடன் போய் மேட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புல்லைச் சுரண்டி வெறும் சுண்ணாம்பைத் திறந்துவைப்பார். ஜூனில் பெண் பூச்சி ஒரு பூக்கொத்துக்குள் ஒரு முட்டையைச் செருகிவிட்டுப் போகும். புழு பூவுக்குள்ளேயே தலையை விட்டு இளவிதையைத் தின்னும். ஜூலை முடியும்போது இறங்கி வந்து, மண்ணின் வெடிப்பில் அடுத்த வசந்தம்வரை படுத்திருக்கும். பிறகு கூட்டுப்புழு. மே கடைசியில் சிறகு.

"பத்து மாசம் தூக்கம், ஒரு வாரம் வேலை. நம்ம ஊராட்சி மன்றம் மாதிரி" என்பார் வில்ஃப்.

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுபவர் க்ளைவ் பட்டன். வில்ஃபும் அவரும் ஏவிஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். க்ளைவுக்குப் புல் கம்பளம்போல் இருக்க வேண்டும். கோவில் சுவரில் சிறந்த தோட்டத்துக்கான பரிசுப் பலகை தொங்கிய காலம் ஒன்று உண்டு. மேடு பரட்டையான பிறகு பலகை பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

"டேய், உன் பூச்சிக்கு ஊர்ல வேற இடமே இல்லையா? எல்லாம் செத்தவங்க தலைமாட்டுலதான் வந்து நிக்குமா?"

"அதுங்க உன் மிஷின் மாதிரி சத்தம் போடாதுடா. செத்தவங்க நிம்மதியாத் தூங்கறாங்க."

இருபது வருடமாக இதே பேச்சு. இருந்தாலும் க்ளைவ் கோடையில் அந்த மேட்டில் கை வைத்ததில்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் மதியம் ஏவிஸ் சமையலறையில் சாண்ட்விச்சுக்கு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். கோவில் பக்கமிருந்து இயந்திரச் சத்தம் கேட்டது. முதலில் காதில் வாங்கவில்லை. பிறகு அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுச் செருப்போடு ஓடினார்.

மேட்டின் கீழ்ப்பாதி ஏற்கெனவே மொட்டையாகியிருந்தது.

"க்ளைவ்! நிறுத்து!"

க்ளைவ் இயந்திரத்தை அணைத்தார். அவர் கண் சிவந்திருந்தது. "அவன் போற வழி சுத்தமா இருக்க வேண்டாமா, ஏவிஸ்?"

"இது அவன் மேடுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் வெட்டறேன். நாளைக்கு ஊரே வரும். இது இப்படிப் பரட்டையாக் கிடந்தா என்ன பேசுவாங்க? 'க்ளைவ் பழைய கோபத்த மறக்கல, பொணம் போற அன்னிக்குக்கூட வெட்டாம விட்டுட்டான்'னு சொல்ல மாட்டாங்களா?"

ஏவிஸ் குனிந்து ஒரு பூக்கொத்தைப் பறித்து, இதழ்களைப் பிரித்து க்ளைவின் கையில் வைத்தார். உள்ளே அரிசியைவிடப் பருமனான ஒரு புழு, தலை விதைக்குள், பின்பக்கம் வெளியே.

"இதுதானா?" என்றார் க்ளைவ். "இருபது வருஷமா இதுக்கா சண்டை போட்டோம்?"

"பாக்கணும்னு நீ ஒரு நாள் குனிஞ்சியா?"

"அவன் காட்டவே இல்லையே. படுத்துக்கிட்டுக் கேலிதானே பண்ணினான்."

"யார் என்ன பேசினாலும் நான் சொல்லிக்கறேன். மேல் பாதியில கை வைக்காத."

க்ளைவ் இயந்திரத்தை வண்டியில் ஏற்றினார். வழக்கமாக வெட்டியதை வாரி எரிப்பவர், அன்று வாருகோலைத் தொடவில்லை. வெட்டுண்ட பூக்கொத்துகளைப் பொறுக்கி, நிற்கிற செடிகளின் அடியில் வைத்துவிட்டால் புழுக்கள் ஏறிக்கொள்ளக்கூடும் என்று ஏவிஸுக்குத் தோன்றியது. நிச்சயமாகத் தெரியாது. கேட்க ஆள் இல்லை. இருவரும் முழங்காலிட்டுப் பொறுக்கினார்கள். க்ளைவின் தொப்பி நிரம்பும்போதெல்லாம் ஏவிஸ் அதை மேலே கொண்டுபோய்க் கவிழ்த்தார்.

"அவன் பாத்தா சிரிப்பான்" என்றார் க்ளைவ்.

"சிரிக்க மாட்டான். 'தப்பான செடிக்கடியில வைக்கற'ன்னு திட்டுவான்."

மாலையில் மழை பிடித்துக்கொண்டது; பொறுக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்கள். மறுநாள் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் அந்த மேட்டை ஒட்டித்தான் நடந்தார்கள். மேல்பாதி மஞ்சளாக நின்றது. கீழ்ப்பாதியில், வாசற்கதவை ஒட்டிய பக்கத்துப் பூக்கொத்துகள் பொறுக்கப்படாமல் கிடந்தன.