இறங்கிப் பழகிய கால்கள்

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறப் போனபோதுதான் முதலில் தெரிந்தது. காலைப் படியில் வைத்தேன். உடம்பு மேலே போகவில்லை. வலியே இல்லை. பின்னால் நின்றவர் கைகொடுத்து ஏற்றிவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மருத்துவமனையில் தசை அழற்சி (தசை உள்ளுக்குள் புண்ணாகி வலுவிழக்கும் நோய்) என்றார்கள். மாத்திரையில் முகம் உப்பியது, தொடை சூம்பியது. புக்கிட் மேராவில் எங்களுக்கு ஆறாம் மாடி வீடு. எண்பதுகளின் தொடக்கம் அது. மின்தூக்கி ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள என் தங்கை ஃபிலோ வந்து தங்கினாள். என் மகள் ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐந்திலிருந்து ஒரே ஓட்டமாய் ஏறி வருவாள். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். சோறூட்ட சித்தி, தலைவார சித்தி, தூங்கவைக்க சித்தி. பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் நாற்காலியில் இருந்தேன். என் பிள்ளை எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம் நோயைவிடப் பெரிதாக இருந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நன்றி ஒரு பக்கம் இருக்கும், பொறாமை ஒரு பக்கம் இருக்கும். அதற்காக வெட்கப்படாதீர்கள்.

அழற்சி அடங்கியதும், தசைப் பயிற்சி தந்த பெண் ஒரு வழி சொன்னார்.

"ஏறாதீங்க அக்கா. லிஃப்ட்ல ஒன்பதுக்குப் போய், இறங்கி வாங்க."

"இறங்கினா என்ன பலம் வரும்?"

"ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உங்களைத் தூக்குது. இறங்கும்போது நீண்டுகிட்டே தாங்குது. தூக்குறதைவிடத் தாங்குறதுல பலம் கூட, சக்திச் செலவு கம்மி. ஆனா மறுநாள் வலிக்கும்லா!"

வலித்தது. மூச்சு மட்டும் வாங்கவில்லை. மாதக்கணக்கில் இறங்கினேன்.

"இதெல்லாம் ஒரு வேலையா? நானும் வர்றேன்லா," என்று ஒரு ஞாயிறு ஃபிலோ கிளம்பினாள். ஜெனியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடியிலிருந்து தரைவரை என்னோடு மெல்ல இறங்கினாள். பிள்ளை "இன்னொரு தரம்" என்று கேட்கக் கேட்க, மறுபடியும் மறுபடியும் மின்தூக்கியில் மேலே போய் இறங்கினாள்.

"நாளைக்குத் தெரியும்டி," என்றேன்.

"போக்கா!"

மறுநாள் காலை, "ஐயோ அக்கா, தொடை!" என்று கட்டிலை விட்டு எழ முடியாமல் அலறினாள். எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. ஜெனியைப் பாலர் பள்ளிக்கு நான் கூட்டிப் போனேன்.

படியில் என் கையைப் பிடித்தபடி கேட்டாள்: "சித்திக்கு எப்போம்மா சரியாகும்?"

"ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும்."

சொன்னதும் சுருக்கென்றது. தானாகப் போய்விடும் வலி! அந்த வலிமேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. என் தொடைக்கு நாள் சொல்ல எந்த மருத்துவராலும் முடியவில்லை.

ஒவ்வொரு படியிலும் தசை நீண்டுகொண்டே என்னைத் தாங்குவது தெரிந்தது. ஓடித் திரிந்த காலத்தில் இப்படி ஒன்று எனக்குள் நடப்பதே தெரியாது. சித்தியோடு என்றால் ஜெனி இடுப்பில் போவாள். என்னோடு படிக்குப் படி நின்று நடந்தாள். ஐந்தாம் மாடியில் மின்தூக்கி திறந்தே நின்றது. நான் ஏறவில்லை.

"வேகமா வாம்மா, ஸ்கூலுக்கு லேட்டாகுது."

"ஆகட்டும்டி," என்றேன்.