ஒட்டகச்சிவிங்கியின் காலடியில் ஒரு படம்

கோபம் வந்தால் சிலர் கதவை அடித்துச் சாத்துவார்கள், சிலர் சாப்பிடாமல் படுப்பார்கள். நான் போன மார்கழியில் மிருகக்காட்சிச்சாலைக்கு, கிறிஸ்மஸுக்குப் போடும் நத்தார் விளக்குப் பார்க்கப் போனேன்.

என் தம்பி அந்த வருடம் மாசியில் மாரடைப்பில் செத்துப்போனான். இங்கே டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் அவன் மனைவியும் நாலாம் வகுப்புப் படிக்கும் மகளும் மிஞ்சினார்கள். ஆண்டுத்திவசம் முடியும்வரை செத்த வீட்டில் நல்லநாள் பெருநாள் இல்லை என்பது எங்கள் வழக்கம். அதைப் பிழை என்று நான் சொல்லவரவில்லை. நானும் அந்த வருடம் ஒரு கலியாண வீட்டுக்கும் போகவில்லை, தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவுமில்லை. வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் வழக்கத்துக்குக் காவல் நிற்கவென்று சிலர் தாங்களாகவே வேலையில் சேர்ந்துவிடுவார்கள். அவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

ஐப்பசியில் பிள்ளையின் பிறந்தநாள் வந்தது. வகுப்புத் தோழிகள் சிலர் வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் படம் எப்படியோ எங்கள் சனத்தின் கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிட்டது. அடுத்த நாளிலிருந்து தம்பி மனைவிக்கு, என் மச்சாளுக்கு, அழைப்பு மேல் அழைப்பு. சுகம் விசாரிப்பது மாதிரித் தொடங்கி, "கேக் வெட்டினியளாம்" என்று முடிப்பார்கள். அதற்குப் பிறகு மச்சாள் வேலைக்கும் கடைக்கும் தவிர எங்கும் போவதில்லை. மார்கழி பிறந்ததும் அந்தத் தெருவில் எல்லா யன்னலிலும் நட்சத்திர விளக்கு எரிந்தது, தம்பியின் வீட்டில் மட்டும் இருட்டு.

அந்த இருட்டுக்குள் இருந்துதான் பிள்ளை எனக்கு அழைத்தாள். நான் தமிழில் கதைப்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள், எங்களுக்குள் அது பழகிப்போனது. ஒட்டகச்சிவிங்கியிடம் கூட்டிக்கொண்டு போவீர்களா மாமி என்று கேட்டாள்.

ஒவ்வொரு மார்கழியும் தம்பி அவளை அந்த விளக்குத் திருவிழாவுக்குக் கூட்டிப்போவான். அங்கே கம்பியும் துணியும் வைத்துச் செய்த பெரிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று நிற்கும், உள்ளே விளக்கு எரியும். அதன் முன்னங்காலோடு ஒட்டி அவளை நிறுத்திப் படம் எடுப்பான், எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்க்க. முதல் படத்தில் அவள் குளம்புக்கு மேல் கொஞ்சம்தான் தெரிவாள். போன முறை முழங்காலைத் தொட இன்னும் ஐந்து விரல் இருந்தது. இந்த வருடம் தொட்டுவிடுவேன் என்றாள். அந்தப் படம் இல்லாமல் ஒரு வருடம் போய்விடக்கூடாது, அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கூட்டிப்போகட்டுமா என்று மச்சாளிடம் கேட்டேன். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"சனம் என்ன சொல்லும், மச்சாள்?"

"சொல்லட்டும். கேக்கிறதுக்கு நான் நிக்கிறன்."

"கோயில்லை ஒருத்தற்றை முகத்திலையும் முழிக்கேலாமல் போயிடும்."

"கோயில்லை கடவுளைப் பார். சனத்தின்ரை மூஞ்சையை ஏன் பாக்கிறாய்?"

அவள் வரவில்லை. ஆனால் பிள்ளையின் தடித்த உடுப்பையும் தொப்பியையும் கையுறையையும் எடுத்து வாசலில் வைத்தாள். நான் என் ஊரான பிராண்டேயிலிருந்து மழைக்குள் கார் ஓட்டிப் போய்ப் பிள்ளையை ஏற்றிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது பின்னேரம்தான், ஆனாலும் கும்மிருட்டு. கார் விடும் புல்வெளி சேறாகிக் கிடந்தது, என் சப்பாத்து இரண்டும் நாசம். உள்ளே போனால் இன்னும் எரிச்சல். உயிரோடு இருக்கும் யானையைக் கொட்டிலுக்குள் பூட்டிவிட்டு, வெளியே துணியில் யானை செய்து உள்ளே மின்குமிழ் போட்டிருக்கிறார்கள். சனம் துணி யானையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஒலிபெருக்கியில் மணிச்சத்தப் பாட்டு திரும்பத் திரும்பப் போனது. சீனியில் புரட்டி வறுத்த பாதாம் மணம் மட்டும் நன்றாக இருந்தது, அதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிள்ளை வழி காட்டினாள். எந்தத் திருப்பத்தில் தீக்கோழி, எந்தத் திருப்பத்தில் புலி என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். கிளிக்கூண்டுக்குப் பக்கத்தில் சனம் உட்கார ஒரு நீள மர வாங்கு இருந்தது. போன வருடம் அப்பா இதில் கனநேரம் இருந்தார், களைப்பாக இருக்கிறது என்று சொன்னார் என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. போன வருடமே அவனுக்கு நெஞ்சு நொந்திருக்கிறது. என்னிடம் தைப்பொங்கலுக்குத்தான் சொன்னான், அதுவும் வாயுக்குத்து என்று. வைத்தியரிடம் போ, போ என்று நான் கத்தாத நாளில்லை. "ஓம் அக்கா, போறன். பக்டரியிலை கொஞ்சம் அவசரம், முடியட்டும்." நத்தார் அவசரம் முடிந்தது, தை அவசரம் முடிந்தது, அவனும் முடிந்தான். இந்த நாட்டில் வைத்தியரிடம் போவதற்கு ஒருவரும் காசு கேட்பதில்லை. வேலைக்கு இன்றைக்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். அந்த வாங்கை ஒரு உதை விடலாம் போல இருந்தது. பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றதால் விட்டேன்.

ஒட்டகச்சிவிங்கி அதே இடத்தில் மஞ்சளாக எரிந்துகொண்டு நின்றது. பிள்ளை ஓடிப்போய் முன்னங்காலோடு ஒட்டி நின்றாள், சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்துக் கனகாலம். கைபேசியை எடுக்கப் பைக்குள் கை விட்டபோதுதான் பின்னாலிருந்து தமிழ்க்குரல் கேட்டது.

"அட, நீங்களோ! விளக்குப் பாக்க வந்தனீங்களோ?"

ஹோர்சன்ஸில் இருக்கிற ஒரு பெண்மணி, கோயில் திருவிழாவில் காணுகிற முகம். கணவர் கொஞ்சம் தள்ளிப் பாதாம் பொட்டலத்தோடு நின்றார். அவள் பிள்ளையைக் கூர்ந்து பார்த்தாள்.

"இது உங்கடை தம்பியின்ரை மகளெல்லே? எத்தினையாம் வகுப்பு, ராசாத்தி?"

நாலாம் வகுப்பு என்று பிள்ளை டெனிஷில் சொன்னாள்.

"தமிழ் கதைக்க மாட்டாவோ? அப்ப விளங்காது." அதோடு அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "குறை நினையாதேங்கோ அக்கா. தேப்பன் செத்து வருசம் திரும்பேல்லை. அதுக்குள்ளை கொண்டாட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து சிரிக்க வைக்கிறியள். தாயும் வந்தவவோ? அவவுக்கும் வீட்டிலை இருக்கேலாதாக்கும். கண்ட சனம் நாலு விதமாக் கதைக்கும், அதுதான் சொல்லுறன்."

"சும்மா வாருமப்பா" என்று கணவர் முனகினார்.

எனக்குக் காது இரண்டும் கொதித்தன. கண்ட சனம் வேறு யார், நீதானே என்று தொடங்கி, நான் கேட்க நினைத்தவற்றில் பாதியை இங்கே எழுத முடியாது. பிள்ளைக்கு முன்னால் வேண்டாம் என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை. வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் எனக்கு முன்னால் பிள்ளை கதைத்தாள், தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

"எனக்கு விளங்கும், அன்ரி."

அந்தப் பெண்மணி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வருசம் வருசம் இதிலை நிக்கிறனான். அப்பா படம் எடுக்கிறவர். நான் எவ்வளவு வளந்தனான் எண்டு பாக்க. இந்த வருசம் எடுக்காட்டி, நான் அப்பா பாத்த அளவிலையே நிண்டிடுவன்." பிறகு என் கையிலிருந்த கைபேசியை வாங்கி அவளிடம் நீட்டினாள். "நீங்கள் எடுத்து விடுறியளோ? மாமியும் நிக்கட்டும்."

எடுக்காமல் என்ன செய்வாள்? நான் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் இரண்டு தரம் அமத்தினாள், கைபேசியைத் திருப்பித் தந்தாள், "வடிவா வந்திருக்கு" என்றாள், என் முகத்தைப் பாராமல் கணவரோடு போய்விட்டாள். அவளை நான் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. தைப்பூசத்துக்குக் கோயிலில் கண்டு தலையாட்டினாள், நான் திரும்பி ஆட்டவில்லை.

நாங்கள் வெளிவாசலை நோக்கி நடந்தோம். நடந்துகொண்டே பிள்ளை படத்தைத் தாய்க்கு அனுப்பினாள். மச்சாள் அழுவாள், அல்லது ஏன் மற்றவர்களின் கையில் எடுப்பித்தீர்கள் என்று பயப்படுவாள் என்று நினைத்தேன். வாசலுக்குக் கிட்டப் போகும்போது பதில் வந்தது. பிள்ளை கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"தொப்பியோடை ஏன் எடுத்தனீங்கள்? அவர் ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழட்டிப்போட்டெல்லே எடுக்கிறவர். உயரம் பிழைக்கும். திரும்பிப் போய் எடுங்கோ."

திரும்பிப் போனோம். மழை மறுபடி தொடங்கியிருந்தது, சனம் எல்லாம் எங்களுக்கு எதிரே வந்தது. அப்பா நிற்கிற இடம் இது என்று பிள்ளை ஒரு குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினாள். அங்கே நின்றால்தான் கால் முழுவதும் படத்துக்குள் வரும். உலகத்தில் வேறு இடம் கிடைக்காமல் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான், மடையன். இந்த வருடமும் அவன்தான் இங்கே நின்றிருக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வைத்தியரிடம் போயிருந்தால் நின்றிருப்பான். எனக்கு அந்தப் பெண்மணியில் இருந்த கோபமெல்லாம் அவனில் வந்து நின்றது. என் மூக்குக்கண்ணாடியில் மழை விழுந்து ஒன்றும் தெரியவில்லை, துடைத்தேன், பிறகும் தெரியவில்லை.

பிள்ளை தொப்பியைக் கழற்றினாள். தலைமயிர் நனைந்தது. கால்விரலில் எம்பி, உச்சந்தலையை ஒட்டகச்சிவிங்கியின் முழங்காலில் முட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

"கள்ளி, குதிக்காலைக் கீழை வை!" என்று கத்தினேன்.

அவள் குதிக்காலைக் கீழே வைத்தாள். தொடுவதற்கு இன்னும் இரண்டு விரல் இருந்தது.

"அப்பாவும் உப்பிடித்தான் பேசுறவர்" என்றாள்.

நான் படத்தை எடுத்தேன்.