நாற்பத்தேழாவது படி

கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் அந்த அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலைத் தாண்டி அது எங்கும் புழக்கத்தில் இல்லை. தெருவே அவரைச் ‘சான்றக்கா’ என்றுதான் கூப்பிடுகிறது. யார் எதைச் சொன்னாலும், “அதுக்குச் சான்று எங்க?” என்று கேட்பார். நாளைக்கு மழை வரும் என்று சொன்னவர் திருதிருவென்று விழித்திருக்கிறார். “உன்னை மாதிரி உலகத்துலயே யாரும் இல்லை” என்று கல்யாணமான புதிதில் கொஞ்சிய கணவரும் விழித்திருக்கிறார்.

அக்காவின் வேலை லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, உள்ளே பொருத்தி, அரிசியில் பாதி அளவுள்ள திருகாணியை முறுக்குவது. ஆள் வராத நேரங்களில் இணையக் கலைக்களஞ்சியத்தில் தொகுப்பாளர். அங்கே சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது. நாம் எழுதியதை முகம் தெரியாத ஒருவர் வந்து அழித்துவிட்டுப் போகும் வசதி மட்டும் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. இந்தப் பாக்கியத்துக்காக ஒன்பது வருடமாக அக்காவின் மதியச் சோறு ஆறிப்போய்த்தான் வயிற்றுக்குள் இறங்குகிறது. வௌவால், ஆணி, தும்மல், கொட்டாவி என்று நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள்.

அதில் முதல் கட்டுரை, கடைக்கு எதிரே தண்டவாளங்களைத் தாண்டிப் போகும் இரும்பு நடைபாலம் பற்றியது. ஆறே வரி. வீடு அந்தப் பக்கம், கடை இந்தப் பக்கம் என்பதால் தினமும் ஏறி இறங்கும் பாலம். கடைப் பக்கப் படிகளை அவரே எண்ணி, நாற்பத்தேழு என்று எழுதியிருந்தார். தலைப்பிள்ளை என்பதால் அதன்மேல் கொஞ்சம் பாசம் கூடுதல்.

ஒரு திங்கட்கிழமை காலை, தலைப்பிள்ளையின் நெற்றியில் யாரோ அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

‘இந்தப் பாலம் கட்டுரை எழுதும் அளவுக்கு முக்கியமானதா என்பது ஐயமே. ஞாயிறு மாலைக்குள் சார்பற்ற, அச்சில் வெளியான சான்று தரப்படாவிட்டால் நீக்கப்படும்.’

கீழே கையொப்பம்: பழைய துடைப்பம். அது ஒரு சக தொகுப்பாளரின் பயனர் பெயர். ஆணா பெண்ணா தெரியாது. பெருக்கினால் சுத்தமாகப் பெருக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் தொகுப்பாளர்கள் வாதாட ஒரு பேச்சுப் பக்கம் உண்டு; அக்கா அதில் பாய்ந்தார். ‘பாலம் இருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும் ஜன்னல் வழியாகத் தெரிகிறது.’

‘தங்கள் ஜன்னல் வெளியிடப்பட்ட நூல் அல்ல.’

‘தினமும் ஏறி இறங்குகிறேன். முழங்கால் சொல்லும்.’

‘தங்கள் முழங்கால் சார்புள்ள சான்று. மேலும், “நேரில் பார்த்தது சான்றாகாது” என்று ஆறு வருடங்களுக்கு முன் எனக்குச் சொன்னவரே தாங்கள்தான். என் மாமனார் வீட்டுப் பக்கத்துக் கிணறு பற்றிய கட்டுரையில். அது என் முதல் கட்டுரை. நீக்கினீர்கள்.’

அக்காவின் கையிலிருந்த திருகாணி எங்கோ தெறித்து விழுந்தது. இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் விஷயத்தை உடைத்தார்.

“என்னங்க, நம்ம பாலத்தை நீக்கப் போறாங்க.”

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பதினெட்டு வருடம் மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதில், அதிர்ச்சியான செய்தி கேட்டால் வலது கால் தானாகப் பிரேக் போடும். போட்டது. மேசை அரையடி நகர்ந்தது.

“எப்போ இடிக்கிறாங்க?”

“இடிக்கலை. நீக்குறாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இடிச்சா திரும்பக் கட்டிக்கலாம்!”

நாத்தனார் ஆரம்பப் பள்ளி டீச்சர். சாப்பாட்டைவிட அண்ணியைச் சீண்டுவதில் அவளுக்கு ருசி அதிகம். “ஏன் அண்ணி, உங்க கட்டுரை போச்சுன்னா ரயில் நின்னுடுமா? ஊருக்கெல்லாம் ஊசி போட்டீங்க, இன்னைக்கு உங்களுக்கு ஒண்ணு. கையை நீட்டுங்க.”

ஆனால் சீண்டுகிறவள்தான் முதலில் ஓடி வருவாள். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மூச்சிரைக்கக் கடைக்கு வந்தாள், கையில் ஒரு பொது அறிவு வினா-விடைப் புத்தகம். “நூத்தி நாப்பதாவது கேள்வி பாருங்க அண்ணி! ‘நமது நகர நடைபாலத்தின் படிகள் எத்தனை? விடை: நாற்பத்தேழு.’ அச்சுல இருக்கு!”

கடை முதலாளிக்கும் உற்சாகம் தொற்றியது. “அட, பேப்பர்லகூட வந்துச்சேம்மா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி!” கண் பரிசோதனை அட்டையைத் தள்ளினார். பின்னால் சட்டம் போட்ட பத்திரிகைப் பக்கம். படத்தின் மூலையில் அவர் கடைப் பலகை பாதி தெரிந்ததால் மாட்டிவைத்திருந்தார். பாலத்தைப் பற்றித்தான் செய்தி என்பதை அவரே அன்றுதான் கவனித்தார். போதாக்குறைக்குப் பாலத்தின் காலடியிலேயே நகராட்சிப் பலகை: ‘47 படிகள் கொண்டது.’

ஒன்றுக்கு மூன்று! அக்கா முதலாளியின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு சுற்றுச் சுற்றினார். நாத்தனார் மூன்றாவது சுற்றுக்குத் தள்ளிவிட்டாள். கண் பரிசோதனைக்கு வந்திருந்தவர், தனக்குத்தான் எல்லாம் சுற்றுகிறது என்று பயந்துவிட்டார்.

மூன்று சான்றுகளையும் தட்டச்சு செய்து, ‘சேமி’ பொத்தானில் விரலை வைக்கும்போது, பத்திரிகைச் செய்தியின் ஒரு வரி கண்ணில் இடறியது. ‘நாற்பத்தேழு படி ஏறி நின்றால், தண்டவாளங்கள் வகிடெடுத்துச் சீவிய தலைபோலத் தெரியும்.’

வகிடெடுத்துச் சீவிய தலை! போன வருடம்தான், கலைக்களஞ்சியத்தில் அலங்காரம் ஆகாது என்று தன் கட்டுரையிலிருந்து அவரே வெட்டி எறிந்த உவமை.

அக்கா எழுந்து போய்ப் படிகளை எண்ணினார். நாற்பத்தாறு. இறங்கி மறுபடி எண்ணினார். நாற்பத்தாறு. கணவரை வரவழைத்து எண்ணவைத்தார். படிக்கு ஒரு பிரேக்காகப் போட்டு அவரும் நாற்பத்தாறுதான் சொன்னார். ஒன்பது வருடங்களுக்கு முன் எண்ணியபோது யாராவது நடுவில் மறித்து, “அக்கா, என் கண்ணாடி ரெடியா?” என்று கேட்டிருப்பார்கள். “நாளைக்கு வாங்க” என்று சொன்ன இடத்தில் ஒரு படி இரட்டைப் பிள்ளையாகப் பிறந்திருக்கும்.

பத்திரிகை அக்காவைப் பார்த்து எழுதியது. நகராட்சி பத்திரிகையைப் பார்த்து எழுதியது. பலகையின் அடியில் ‘நன்றி: ஞாயிறு இணைப்பு’ என்றே போட்டிருந்தது. புத்தகம் பலகையைப் பார்த்து எழுதியது. ஆக மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி. மூன்றுக்கும் அக்காவின் ஜாடை.

“யாருக்குத் தெரியப் போகுது அண்ணி? கம்முனு போட்டுட்டு வாங்க.”

“நாப்பத்தாறோ நாப்பத்தேழோ, ஏறினா மூச்சு வாங்குது,” என்றார் கணவர், வாங்கிக்கொண்டே.

அக்கா வியாழக்கிழமை பேச்சுப் பக்கத்தில் எழுதினார்: ‘மூன்று சான்றுகள் கிடைத்தன. மூன்றும் என்னிடமிருந்து போனவை. என் எண்ணிக்கை தப்பு. படிகள் நாற்பத்தாறு.’

துடைப்பம் மறுநாள் எழுதியது: ‘நன்றி. அப்படியானால் சான்று பூஜ்யம். ஞாயிறு மாலை நீக்கம்.’ அதன் கீழே, கொஞ்சம் இடம் விட்டு: ‘இங்கே தப்பு என்று ஒருவர் தானாகச் சொல்லி இப்போதுதான் பார்க்கிறேன்.’

தலைப்பிள்ளை போனது போனதுதான். இருந்தாலும் தப்பைத் திருத்தத் தொடங்கிய கை பாதியில் நிற்குமா? அக்கா பத்திரிகைக்கும் போன் போட்டார்.

“சார், உங்க செய்தியில ஒரு படி அதிகமா இருக்கு.”

“எந்தச் செய்தி மேடம்?”

“பாலம். நீங்க எண்ணினீங்களா?”

மறுமுனையில் நீண்ட இருமல். அந்தச் செய்தியாளர் பாலத்தை நேரில் பார்த்ததே இல்லை. வெட்கம் பிடரியைப் பிடித்துத் தள்ள, சனிக்கிழமை காலை புகைப்படக்காரரோடு வந்து இறங்கினார். எண்ணினார். அவர் எண்ணுவதைப் பார்த்து இன்னொருவர் எண்ணினார். மதியத்துக்குள் தெருவே பாலத்தில் ஏறிவிட்டது. ஒருவர் நாற்பத்தைந்து என்றார், ஒருவர் நாற்பத்தெட்டு என்றார். “நீ தாண்டிக் குதிச்சே!” “உனக்குக் கண்ணு தெரியலைன்னா எதிர்க்கடைக்குப் போ!” முதலாளியிடம் அன்று ஏழு பேர் புதிதாகக் கண் பரிசோதித்துக்கொண்டார்கள்.

ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம்: ‘ஒரு படியைத் தேடி’. ரயில்வே அலுவலகத்தில் தோண்டியெடுத்த வரைபடம், பாலத்தின் வயது, இரும்பு வந்த கதை, படி நாற்பத்தாறு என்பதற்குச் செய்தியாளர் காலே சாட்சி என்று எல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. இந்த முறை உவமையே இல்லை.

அக்கா அதைச் சேர்க்க ஓடிவந்து திறந்தால், அறிவிப்பைக் காணோம். துடைப்பமே கிழித்துப் போட்டுவிட்டுச் சான்றையும் ஒட்டியிருந்தது. மாற்றத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் நாலே சொல்: ‘46. சான்று உண்டு. இருக்கட்டும்.’

அன்று மாலையே அக்கா பழைய கோப்புகளில் அந்தக் கிணற்றைத் தேட ஆரம்பித்தார். மூன்றே வாரத்தில் ஒரு நில அளவைக் குறிப்பில் கிடைத்தது. துடைப்பத்தின் தலைப்பிள்ளையும் உயிர்த்தெழுந்தது.

நகராட்சிக்குத்தான் தர்மசங்கடம். பலகை நாற்பத்தேழு என்கிறது, பாலம் நாற்பத்தாறு என்கிறது. பலகையில் தலைவர் பெயர் இருப்பதால் அதைத் தொட மன்றத் தீர்மானம் வேண்டும். படியைத் தொடுவதோ வெறும் பராமரிப்பு. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், பாலத்தின் அடியில் புத்தம் புதிய சிமென்ட் படி ஒன்று முளைத்திருந்தது.

நாற்பத்தாறுக்கே பழகிய கால்களோடு இறங்கி வந்த அக்கா, அதில் இடறிக் கடை வாசலில் போய் விழுந்தார். எழுந்து, நொண்டி நொண்டி உள்ளே போய், முதல் வேலையாகப் பேச்சுப் பக்கத்தைத் திறந்தார்.

‘படிகள் இப்போது நிஜமாகவே நாற்பத்தேழு. நான் சம்பந்தப்பட்டவள் என்பதால் நீங்களே மாற்றிவிடுங்கள்.’

‘சான்று?’

‘தடுக்கி விழுந்தேன். முழங்காலில் கட்டு.’

‘முழங்கால் பற்றி ஏற்கெனவே பேசியிருக்கிறோம்,’ என்றது துடைப்பம். ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேப்பரில் வரட்டும்.’