சேலைன் ஏறிய கையில் எடுத்த இரத்தம்

1. படிக்கட்டில் நின்ற கால்

அல்புமின் 2.2 என்று எழுதிய இரத்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, லேப்புக்கும் சர்ஜிக்கல் வாட்டுக்கும் நடுவில் உள்ள படிக்கட்டில் நான் நின்றுவிட்டேன். மேலே ஏறினால் ஒரு மனிதரின் பெயர் கொழும்புக்குப் போகும் ஒபரேஷன் பட்டியலிலிருந்து வெட்டுப்படும். கீழே இறங்கினால் என் தப்பை நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போது நான் நிரந்தரமாகாத லேப் ஓடர்லி, எடுபிடி ஆள். ஒரு புகார் போதும், மறுபடி ரப்பர் ஸ்டோருக்கே போக வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. இரத்தினபுரி மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்று, பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, எஹலியகொடப் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பத்து வருஷம் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் நான். பயந்த சுபாவம். ட்யூபில் ஒட்டிய பெயரை மூன்று தரம் படிப்பேன். லேப்பைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வந்ததும் உண்டு.

லேப்புக்குப் பொறுப்பு குசும் மிஸ். என்னைவிட வயதில் இளையவர். சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல 'அய்யே' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அன்றிலிருந்து இன்றுவரை, இந்த இருபது வருஷத்தில் அவர் சந்தேகத்தோடு கையெழுத்துப் போட்ட ஒரு ரிப்போர்ட்டைக்கூட நான் கண்டதில்லை. ஆனால் மிஸ்ஸுக்குத் தெரியாத ஒன்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

2. சர்ஜன் டொக்டரின் கொப்பி

தோட்டங்களிலிருந்து உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். வெற்றிலை, புகையிலை, பாக்கு என்று வாய் ஓயாமல் இருந்தவர்கள். முதலில் சோறு இறங்காது. குழைய வேகவைத்துச் சாப்பிடுவார்கள். பிறகு கஞ்சி, அதன் பிறகு வெறும் தேத்தண்ணி. அதுவும் தொண்டையில் நின்ற பிறகுதான் பஸ் ஏறுவார்கள்.

எங்கள் சர்ஜன் டொக்டர் இவர்களுக்கென்று ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வைத்திருந்தார். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே மூன்று எண். ஹீமோகுளோபின், உடம்பின் ஊட்டத்தைக் காட்டும் அல்புமின் என்ற புரதம், மூன்றாவதாக ஒரு விகிதம். இரத்தத்து வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை, லிம்போசைட் என்று இன்னொரு வகை. நோய் உடம்பைப் போட்டு அடிக்கும்போது முதல் வகை ஏறும், இரண்டாவது இறங்கும். முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் வருவதுதான் அந்த விகிதம், குறைவாக இருந்தால் நல்லது. ஒபரேஷனைத் தாங்குவாரா, தேறி எழும்புவாரா என்று இந்த எண்களை வைத்து முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாமாம். புது மெஷின் தேவையில்லை, நாங்கள் அன்றாடம் செய்கிற டெஸ்ட்தான். அதிலிருந்து இவ்வளவு பார்க்கலாம் என்று அவர் நினைத்ததே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

கொழும்பில் ஒபரேஷனுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அல்புமின் மிகவும் குறைந்தவர்களை அவர் அனுப்பமாட்டார். வயிற்றில் ட்யூப் வைத்து, பால் ஊற்றி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

3. கத்தி பிடிக்கிற கை

அந்த முறை பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர் சன்னாசி அண்ணன். எஹலியகொடப் பக்கத்துப் பால்வெட்டுக்காரர், ரப்பர் மரப்பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுக்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. இடது கையில் குளுக்கோஸ் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் சின்ன டொக்டர் ஊசியோடு வந்து வலது கையைக் கேட்டார், நான் ட்யூபோடு பக்கத்தில் நின்றேன். சன்னாசி அண்ணன் அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இது கத்தி புடிக்கிற கைய்யா. ஊசி பட்டு வெறச்சிப் போச்சின்னா நான் எப்புடி மரம் வெட்டுறது? அந்தக் கையிலேயே எடுக்கச் சொல்லு."

சின்ன டொக்டருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். வாட்டில் இன்னும் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் சுருக்கமாக, இடது கைதான் வசதியாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். கத்தியைப் பற்றியும் சொல்லவில்லை, சேலைனைப் பற்றியும் சொல்லவில்லை. அவர் சேலைன் ஊசிக்குக் கொஞ்சம் மேலே குத்தி இரண்டு ட்யூப் நிரப்பிக் கொடுத்தார். இரத்தம் வழக்கத்தைவிட வெளிறி, நீர்த்துத் தெரிந்தது. மனம் குறுகுறுத்தது. டொக்டருக்குத் தெரியாததா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

படிக்கட்டில் நிற்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது ரப்பர் ஸ்டோர். வெட்டுக்காரர்கள் வாளியில் கொண்டுவரும் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்போம். மழை பெய்து, மரத்தில் பால் வடியக் கட்டிய சிரட்டையில் தண்ணீர் விழுந்திருந்தால் குறைத்துக் காட்டும். மரத்தில் ஒரு குறையும் இராது.

நான் கீழே இறங்கினேன்.

4. குசும் மிஸ் செய்தது

திட்டு வாங்கத் தயாராக எல்லாவற்றையும் கொட்டினேன். மிஸ் திட்டவில்லை. யார் எடுத்தது என்றும் கேட்கவில்லை. சேலைன் ஊசிக்கு மேலேயா கீழேயா என்று மட்டும் கேட்டார். ரிப்போர்ட்டை வாங்கி விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டார். ஹீமோகுளோபின் 7.8, வெள்ளணு 4200, அல்புமின் 2.2. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இறங்கியிருந்தன. விகிதம் மட்டும் இரண்டு, நல்ல எண். தண்ணீர் கலந்தால் இரண்டு வகை அணுவும் ஒரே அளவில்தானே குறையும், அதனால் விகிதம் அசையவில்லை என்று சொன்னார். நான் பத்து வருஷம் மெட்ரோலாக் பார்த்தும் இதை யோசித்ததில்லை.

பிறகு ட்யூபில் மிச்சமிருந்ததில் சீனி பார்த்தார். மெஷின் காட்டும் எல்லையைத் தாண்டிப் போனது.

"கஞ்சியே இறங்காத மனுஷனுக்கு இவ்வளவு சீனி எங்கேயிருந்து வந்தது, அய்யே? இது அவருடைய இரத்தம் இல்லை. பாதி எங்களுடைய சேலைன்." சிங்களத்தில்தான் சொன்னார். ரிப்போர்ட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்து வைத்தார். "வாங்க, போவோம். சர்ஜன் வாட்டைச் சுத்திப் பாக்க வர்றதுக்குள்ள மறுபடி இரத்தம் எடுக்கணும்."

லேப் பொறுப்பாளர் ஒருவர் தானே ட்யூபைத் தூக்கிக்கொண்டு வாட்டுக்கு ஏறுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சன்னாசி அண்ணன் வலது கையைத் தரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மிஸ் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் சுருக்கவில்லை.

"அண்ணே, மழ நாள்ல தண்ணி விழுந்த பாலுல மெட்ரோலாக்கப் போட்டா என்னா காட்டும்?"

"கொறையத்தான் காட்டும். கணக்கப்புள்ள நம்மளத்தான் ஏசுவாரு."

"அதேதான் இப்ப ஒங்க ரத்தத்துக்கு நடந்திருக்கு. சேலைன் தண்ணி கலந்திருச்சி. தப்பு என்னோடது. இப்புடியே மேல போச்சின்னா ஒங்களுக்கு ஒபரேஷன் இல்லேன்னுருவாங்க."

அவர் சுவர்ப்பக்கமிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு கரகரத்த குரலில், "நீ ஸ்டோர்ல இருந்தவனா?" என்றார்.

"ஆமாண்ணே."

"முன்னாலயே சொல்றதுக்கென்னா. ஒரு பக்கம் பட்டை ஆகாதுன்னா மறுபக்கந்தானே வெட்டுறோம். இந்தா, எடுக்கச் சொல்லு. ஆழமா வெட்டிறப் போறாங்க, பாத்து."

மொழிபெயர்த்துச் சொன்னேன். மிஸ் சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார். வலியே தெரியாமல் எடுத்தார் என்று சன்னாசி அண்ணனே பிறகு சொன்னார்.

ஹீமோகுளோபின் 11, அல்புமின் 3.2, விகிதம் அதே இரண்டு.

5. இரண்டு வரி

சர்ஜன் டொக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் கதவோரத்தில் வியர்த்துக்கொண்டு நின்றேன். மிஸ் நடந்ததை மறைக்காமல் சொன்னார். நானே வந்து சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். டொக்டர் கொப்பியில் இரண்டையும் எழுதினார், முதலாவதை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் 'சேலைன் கை' என்று குறித்துக்கொண்டார். எண் நூறு பேரைப் பற்றித்தான் பேசும், இந்த ஒருவர் என்ன ஆவார் என்று அதற்குத் தெரியாது, ஆனால் பொய் எண்ணுக்கு எதுவுமே தெரியாது என்றார். பட்டியலில் சன்னாசி அண்ணன் பெயரை வெட்டாமல் அப்படியே விட்டார்.

அவர் சொன்னது சரிதான். அதே பட்டியலில், அதைவிட நல்ல எண்ணோடு கொழும்புக்குப் போன கஹவத்தைக்காரர் ஒருவர் திரும்பி வரவில்லை. சன்னாசி அண்ணன் வந்தார், பாதி உடம்பாக.

என் வேலை போகவில்லை. இரத்தப் படிவத்தின் மூலையில் எந்தக் கை, சேலைன் உண்டா என்று எழுதும் பொறுப்பை மிஸ் எனக்குக் கொடுத்தார். சின்ன டொக்டர்கள் மறந்தாலும் நான் கேட்டு எழுத வேண்டும். எழுதாத படிவத்தை அவர் கையால் தொடமாட்டார். புதிதாக லேப் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, அந்த மூலையை வெறுமையாக விடாதீர்கள். மனம் குறுகுறுத்தால் அங்கேயே, ஊசி குத்துவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். நான் படிக்கட்டு வரை போய்த்தான் யோசித்தேன், அது பிந்திய யோசனை.

ஆறு மாதம் கழித்து கிளினிக்கில் சன்னாசி அண்ணனுக்கு மறுபடி இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நூறு மரம் வெட்டுவதாகச் சொன்னார். முழுப் பேர் இல்லை, அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். ஊசியோடு நின்றவர் புதிதாக வந்த டொக்டர். சன்னாசி அண்ணன் சட்டைக் கையை மடித்து வலது கையை மேசையில் நீட்டினார். டொக்டர் குனிந்ததும் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எந்தக் கைன்னு எழுதிட்டியா?"