ஈயத்தைத் துப்பாத சிப்பி

சிப்பி விற்றே மகனை ஆளாக்கியவள் என்பதால் ஊருக்கு அவள் சிப்பியக்கா. ஆறு கடலில் சேரும் இடத்தில் நீர் வற்றும் நேரம் பார்த்து முழங்கால் சேற்றில் இறங்குவாள். கால் விரலால் தடவியே சிப்பி எடுப்பாள். வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீர் அண்டாவில் போட்டு வைத்தால், விடிவதற்குள் அவை மணலையெல்லாம் துப்பிவிடும். அவளிடம் வாங்கிய சிப்பியில் மணல் கடிபட்டது என்று சொல்ல இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

ஆற்றின் மேல்பக்கம் பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகள் வந்தன. அவற்றின் கழிவு ஆற்றில் கலந்தது. சிப்பியில் ஈயம் ஏறியிருக்கிறது, தின்னாதீர்கள் என்று கரையில் பலகை நட்டார்கள். சிப்பியக்கா அதன் மேல் ஈரச் சேலையைக் காயப்போட்டாள்.

மருமகளுக்கு ஏழாம் மாதம். லாரி ஓட்டும் மகன் வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான்.

"பயமா இருக்கு அத்தை" என்று மருமகள் தட்டைத் தள்ளினாள்.

"அட போடி பயந்தாங்கொள்ளி! மணலையே துப்புது, ஈயத்தத் துப்பாதா? ரெண்டு நாளா சுத்தமான உப்புத் தண்ணில கெடக்குது. சாப்பிடு, புள்ள தெம்பா பொறக்கும்."

ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தாள். ஒரு நாளா, இரண்டு நாளா? தினமும்.

மருமகளின் ரத்தப் பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்தார். "ரத்தத்துல ஈயம் ரொம்ப இருக்கு. குழந்தைக்கும் போயிருக்கும். மூளை வளர்ச்சியப் பாதிக்கலாம். பொறந்தப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்."

"தண்ணில போட்டு வெச்சுத்தானேம்மா குடுத்தேன்?"

"மணலத்தான் துப்பும். ஈயம் சதையில ஊறிப் போயிடும்மா. ரெண்டு நாள்ல எங்க போகும்?"

வேண்டாம் வேண்டாம் என்றவளுக்கு வலியப் போய்ப் பரிமாறினேனே, இந்தக் கைதானே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் சிப்பியக்காவுக்கு மனம் அரித்தது. இன்று மகன் வருகிற நாள். வந்ததும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மகன் வந்து டாக்டர் சொன்னதைக் கேட்டதும் மருமகள் முந்திக்கொண்டாள். "ஆசையா இருந்துச்சு. நான்தான் கேட்டுக் கேட்டுத் தின்னேன்."

மகன் தாம்தூம் என்று குதித்தான். "பலகை வெச்சிருக்கான், கண்ணு தெரியல? வயித்துல ஒரு உசுரு இருக்குன்னு நெனப்பு வேணாம்?"

அவள் தலை நிமிரவில்லை. மாமியார் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, நீயாவது வேணாம்னு சொல்லக் கூடாதா?"

சிப்பியக்கா மகனின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கோபம் தன் பக்கம் திரும்பினால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

"சொன்னேம்பா" என்றாள். "அவதான் கேக்கல."