நாலு மார்க்கு

ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றுகிற செல்லதுரைக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எடை மேடை காட்டுகிற எண்ணைப் பார்த்தே பாதி வாழ்க்கையை ஓட்டியவர். ஒரு நடையில் கல் குறைந்தால் அடுத்த நடையில் கூட்டி ஏற்றிவிடுவார்கள். சாயங்காலம் மொத்தம் சரியாக இருந்தால் மேஸ்திரி வாயே திறக்க மாட்டார்.

தொண்ணூற்றொன்பதில் அவர் மகள் மலர்கொடி பத்தாவது எழுதினாள். ரிசல்ட் வந்த பேப்பரில் அவள் நம்பர் இல்லை.

"கணக்குல போயிருக்கும்ப்பா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அச்சடிக்கிறவன் வுட்டுருப்பான். எந்திரிச்சு சோத்தத் துன்னு."

அப்புறம் மார்க் ஷீட் வந்தது. செல்லதுரை நேரே கடைசி எண்ணுக்குப் போனார். முந்நூற்று ஐம்பத்திரண்டு! பக்கத்து வீட்டு வீரமணி பாஸாகியிருந்தான். அவன் மொத்தமே நூற்று எழுபத்தெட்டுதான்.

"பாத்தியாடி உண்ணாமல!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "அவன் பாசு, அவனுக்கு ரெண்டு மடங்கு வாங்குன நம்ம புள்ள பெயிலாம்!"

மலர்கொடி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே? பஸ்ஸில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே, அவளை ப்ளஸ் ஒன் சேர்க்கக் கூட்டிப்போய்விட்டார். பள்ளிக்கூட வாசலில் அவள் கடைசியாக ஒருமுறை கையை இழுத்தாள். "வேணாம்ப்பா, போயிடலாம்." அவர் விடவில்லை.

சேர்க்கை போடுகிற வேணுகோபால் சார் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். "பாப்பா பெயிலுங்க."

"மொத்தத்தப் பாருங்க சார்."

"மொத்தம் எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு பாடத்துலயும் முப்பத்தஞ்சு எடுக்கணும்ங்க. கணக்குல முப்பத்தொண்ணுதான்."

செல்லதுரைக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா?

"நாலுதானுங்களே சார்! சமூக அறிவியல்ல தொண்ணூறு கெடக்கு பாருங்க. அதுலேருந்து நாலு எடுத்து இதுல போட்டுடுங்க. மொத்தம் மாறவே மாறாதுங்க."

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். "அண்ணே, இதென்ன அரிசிக் கடையா, அங்க அள்ளி இங்க போட?"

சார் சிரிக்கவில்லை. "அப்படிப் போட முடியாதுங்க. அக்டோபர்ல கணக்க மட்டும் எழுதட்டும். அடுத்த ஜூன்ல சேத்துக்கலாம்."

அப்போது வீரமணி சேர்ந்த ரசீதோடு வெளியே வந்தான். இவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். செல்லதுரை அவன் தோளைத் தட்டினார். "போடா கண்ணு, நல்லா படி."

பஸ்ஸில் மலர்கொடிதான் பேசினாள். "அன்னைக்கே சொன்னனேப்பா."

"சொன்ன. என் மரமண்டைக்குத்தான் ஏறல."

சும்மா இருக்க வேண்டாமென்று அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகைக்குப் போனாள். கொட்டைப்பால் பட்டுத் தோலுரிந்த விரலாலேயே அக்டோபர் பரீட்சையை எழுதினாள். நாற்பத்தொன்று. பாஸ்! செல்லதுரை தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

அந்த மழைக்காலத்தில்தான் பாறை சரிந்து அவர் காலில் விழுந்தது. கல் ஏற்றும் வேலை அத்தோடு போனது. உண்ணாமலையின் கூலி மட்டும் மூன்று வயிற்றுக்குக் காணவில்லை.

ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் மலர்கொடி கொட்டைப்பால் ஒட்டாமலிருக்க விரல்களில் சாம்பலைத் தடவிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினாள். வாசல் கட்டிலில் கிடந்த செல்லதுரை கையில் அக்டோபர் மார்க் ஷீட்டை வைத்திருந்தார்.

"மலரு, கணக்குல ஆறு மார்க்கு கூடவே இருக்குடி."

"இருக்கட்டும்ப்பா."

"அதுல நாலு அன்னைக்கே இருந்திருந்தா, காலு நல்லா இருக்கயிலயே ஒன்ன சேத்து வுட்டுருப்பேனே…"

"போன நடைக்கு இந்த நடையில ஏத்துறதுக்கு இதென்ன கல்லாப்பா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தெருமுனை திரும்பும் வரைக்கும் அவர் பக்கம் முகத்தைக் காட்டவே இல்லை.