தனப்பிரியாவின் அடித்தந்தி

இந்த வட்டாரத்தில் என்னைவிடக் கோபக்காரி யாரும் இல்லை என்று என்னைப் பெற்ற அத்தா சொல்வார். அவருக்குத் தனப்பிரியாவைச் சரியாகத் தெரியாது.

ராசிபுரத்தில் எங்களுடையது மைக்செட் கடை. கல்யாண மேடைகளில்தான் அவள் எனக்குப் பழக்கம். கர்நாடக சங்கீதத்தை முறையாகப் படித்த வயலின்காரி. அவளை வரவேற்பு மேடையில் உட்காரவைத்து, "பாட்டு பென் டிரைவ்ல ஓடுமுங்க, நீங்க சும்மா வில்ல ஆட்டுனாப் போதும்" என்பார்கள். ஒருநாள், "ஆட்டறதுக்கு நானென்ன தொட்டிலாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். என்ன தப்பு? வயிறெரிந்தால் வாய் பேசத்தான் செய்யும்.

பிறகு சொந்தமாக இசையமைக்கத் தொடங்கினாள். அவள் அப்பா ராசப்பன் தன் தென்னங்காட்டில் தண்ணீருக்காக ஆழ்துளைப் போர் போட்டிருந்தார். ரிக் வண்டி இரைந்து இரைந்து துளைத்தும் புழுதிதான் வந்தது. அடுத்துப் போட்டதும் அப்படியே. தென்னை காய்ந்து நின்றபோதும் மனுஷர் அழவில்லை, வீட்டில் இருந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தார். அந்தப் போரைத்தான் அவள் வயலினில் கொண்டுவந்தாள். அடித்தந்தியை நன்றாகத் தளர்த்தி வில்லை அழுத்தினால், ரிக் உறுமுவது அப்படியே கேட்கும்.

அப்பா அதை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அவரோ, "நீயா இட்டுக்கட்டறத எவன் கேப்பான்? கீர்த்தனை வாசி சாமி, வாரேன்" என்பார். வீட்டில் அவள் வாசிக்க உட்கார்ந்தால் காட்டுக்குப் போய்விடுவார்.

சேலத்தில் ஒரு சபாவில் கச்சேரி கிடைத்தது. முதலில் கீர்த்தனைகள், கடைசியில் அவளுடைய புது இசை. கீர்த்தனையை நம்பி ராசப்பனும் வந்திருந்தார். மைக்செட் நான்தான். புது இசைக்கென்று தந்தி தளர்த்திய இன்னொரு வயலினை மேடைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

கீர்த்தனைகள் முடிந்து அதை எடுத்து வில்லை இழுத்தாள். உறுமல் வரவில்லை, சுத்தமான ஷட்ஜம் வந்தது. முன்வரிசை திருப்தியாகத் தலையாட்டியது. அவள் முகம் சிவந்துவிட்டது.

"யாருங்க இதத் தொட்டது?"

சபா செயலாளர் தண்டாயுதபாணி பெருமையோடு எழுந்தார். "நான்தானுங்க. சுருதி விட்டுக் கெடந்துச்சு, சேத்தி வெச்சேன்."

கேட்காமல் செய்த உபகாரம்! எனக்குக் கை துறுதுறுத்தது. மைக்குக்கு நேராகப் பிரடையைத் திருகி அவள் தந்தியை மறுபடி தளர்த்தினாள். அரங்கமே முகம் சுளித்தது. தண்டாயுதபாணி என்னைப் பார்த்து மைக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ரிக் உறுமியது. இறங்கியது, பாறையில் முட்டியது, மறுபடி இறங்கியது. கடைசியில் வில் காய்ந்த காற்றுபோல வெறுமனே உரசியது. ராசப்பன் எழுந்துவிட்டார்.

"நிறுத்து சாமி! அது நம்ம காட்டுப் போரு. ஊரறிய என்னைய அழுவ வெக்காத."

அவள் வில்லை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு நீங்க அழுவுலீங்கப்பா," என்றாள் மைக்கிலேயே. "எல்லாத்துக்கும் எங்க மேலதான எரிஞ்சு உழுந்தீங்க? இன்னிக்காச்சும் அழுவுங்க."

ராசப்பன் வெளியே போகவில்லை, உட்காரவும் இல்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, நின்றபடியே கடைசிவரை கேட்டார்.